நடைபாதையில் ஊழ்வினை

ஊழை விட வலியது உண்டா என்று கேட்ட வள்ளுவரே, ஆள்வினையுடைமை அதிகாரத்தில் சோராமல் உழைப்பவர் ஊழையும் தோற்று ஓட வைப்பார் என்கிறார். உரைகளைப் புரட்டியும் எனக்கு விளங்காத இந்த முரண், கொல்கத்தாவின் கரியாஹாட் நடைபாதையில்தான் கொஞ்சம் விளங்கியது.

1996 நவம்பர் 24 இரவு, 'ஆபரேஷன் சன்ஷைன்' என்று பெயர் வைத்து, இடது முன்னணி அரசு நடைபாதை வியாபாரிகளான ஹாக்கர்களின் கடைகளை இடித்துத் தள்ளியது. கல்யாணமாகி லேக் மார்க்கெட்டில் குடியேறிய நாள் முதல் எனக்கு ரவிக்கைத் துணி தந்தவரின் கடையும் போயிற்று. பிறகு அவரைப் பார்த்தபோது தரையில் ஒரு பாலிதீன் விரிப்பு, அதன் மேல் துணிகள். விரிப்பின் நான்கு மூலையிலும் கயிறு கட்டியிருந்தார். போலீஸ் வந்தால் ஒரே இழுப்பில் மூட்டையாகிவிடும்.

"பயமில்லையா?" என்றேன்.

"இருக்கு பௌதி (அண்ணி). ஆனா என் வாடிக்கை இங்கேதானே வருது?"

பலனை எண்ணாமல் கடமையைச் செய் என்று கீதை சொல்வதைக் கோல்பார்க் ராமகிருஷ்ண மிஷன் சொற்பொழிவுகளில் கேட்டிருக்கிறேன். அந்தத் துணிக்காரரால் பலனை எப்படி எண்ணாமல் இருக்க முடியும்? அன்றைய விற்பனைதான் அன்றைய சோறு. பலனை விரும்பாதே என்பதல்ல, பலன் உறுதியில்லை என்பதற்காக நிறுத்திவிடாதே என்பதே கீதையின் பொருள் என்று அன்று முதல் நம்புகிறேன்.

ஆனால் ஒற்றை ஆளின் விடாமுயற்சி விரிப்பைச் சுருட்டி ஓடத்தான் உதவியது. சக்திமான் கோஷ் முன்னின்ற ஹாக்கர் சங்க்ராம் கமிட்டியில் ஹாக்கர்கள் சேர்ந்த பிறகே அவர்கள் குரல் எடுபட்டது. நாடெங்கும் இப்படிப் போராடியவர்களால் 2014இல் தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்படி, கணக்கெடுப்பு முடியாமல் யாரையும் அகற்றக்கூடாது. நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதமாவது வியாபாரிகளே இருக்க வேண்டும். அரசாணையால் வரும் ஊழைக் கூடி நின்றால் திருப்ப முடியும்.

எல்லாவற்றையுமா? பக்கத்தில் கண்ணாடி வளையல் விற்றவர் திரும்பி வரவேயில்லை. அவருடைய முயற்சியில் குறை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஊழ் அதிகாரம் அவருக்காகவும் இருக்கட்டும்.

2019 ஜனவரியில் கரியாஹாட்டில் பிடித்த தீயில் நடைபாதைக் கடைகள் பல சாம்பலாயின. மறுபடி எழுந்தன. 2024 ஜூனில் மீண்டும் அகற்றச் சொல்லி உத்தரவு. எதிர்ப்பு கிளம்பியதும் ஒரு மாத அவகாசம், கணக்கெடுப்பு. இப்போது துணிக்கடையில் நிற்பது அந்தத் துணிக்காரரின் மகன். கணக்கெடுக்க வந்தவர்களிடம் தன் பெயரோடு அப்பா பெயரையும் எழுதிக்கொள்ளச் சொன்னான்.