தனியா போன முருகனும், யாரும் வேண்டாம்னு போன நானும்

ஓம் சரவணபவ!

சின்ன வயசுல இருந்தே எனக்குள்ள ஒரு கேள்வி இருக்கு. ஞானப்பழம் கிடைக்கலைன்னு கோவிச்சுக்கிட்டு வீட்டை விட்டுப் போனாரே நம்ம முருகன், அது சரியா?

நம்மள்ல யாரும் இதைக் கேட்கறதில்ல. உலகத்தையே சுத்தி வந்தவருக்குப் பழம் இல்ல, அம்மா அப்பாவைச் சுத்தினவருக்குப் பழம்னு சொன்னா யாருக்குத்தான் கோபம் வராது? கதை கேட்கிற எல்லாரும் முருகன் பக்கம்தான். அதுலயும் பழநி ஆண்டியைப் பார்த்துட்டா அவ்வளவுதான். இடுப்புல கோவணம், கையில தண்டம், வேற ஒண்ணும் இல்ல. "எனக்கு யாரும் வேண்டாம், எதுவும் வேண்டாம்"னு நிக்கிறார்னு நாமளே அர்த்தம் பண்ணிக்கறோம். நானும் அப்படித்தான் பண்ணிக்கிட்டேன். அந்த அர்த்தத்தை நம்பி ஒரு பயணமும் போனேன்.

தாம்பரம் பக்கம் சேலையூர்ல எங்க வீடு. அப்பா கட்டினது. அவர் போனதுக்கு அப்புறம் எனக்கும் அண்ணனுக்கும் நடுவுல அந்த வீட்டை வெச்சு பேச்சு வந்துச்சு. அதுவும் ஞானப்பழம் மாதிரிதான், வெட்டிப் பங்கு போட முடியாது. ஒரு நாள் ராத்திரி பேச்சு முத்திப்போய், "இனிமே நீ எனக்கு அண்ணனே இல்ல, உன் தயவும் வேண்டாம்"னு சொல்லிட்டேன். அதுக்கு அப்புறம் எட்டு மாசம் ரெண்டு பேரும் பேசலை. நடுவுல அம்மா.

அந்தச் சமயத்துலதான் கேரவன் ஆசை வந்துச்சு. நம்ம ஊர்ல கேரவன்னா ஷூட்டிங்ல நடிகர்கள் உட்கார்ற வண்டின்னுதான் நினைப்போம். ஆனா அதுலயே ஊர் சுத்தறதும் இப்போ வந்துடுச்சு. கேரளாவுல 2021-லயே கேரவன் சுற்றுலாவுக்குன்னு தனியா திட்டம் கொண்டு வந்தாங்க. நான் வாடகைக்கு எடுத்தது ஒரு சின்ன வண்டி. பின்னாடி மடக்குக் கட்டில், ஒத்தை அடுப்பு, தண்ணித் தொட்டி, குட்டி ஃபிரிட்ஜ், இதுக்கெல்லாம் கரண்ட் கொடுக்க தனி பேட்டரி. "எஞ்சின் பேட்டரி வேற, பின்னாடி வீட்டு பேட்டரி வேற. வண்டி ஓடாதப்போ முன்பக்கம் எதையும் போட்டு வெக்காதீங்க"ன்னு ரெண்டு தடவை சொல்லித்தான் சாவியைக் கொடுத்தாங்க.

தைப்பூசத்துக்கு நாலு நாள் இருக்கும்போது சாயங்காலம் குன்றத்தூர் போனேன். சேக்கிழார் பிறந்த ஊர். எங்க பக்கத்துல எதை ஆரம்பிச்சாலும் அந்தக் குன்று மேல இருக்கிறவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தான் ஆரம்பிப்போம். வண்டிக்குப் பூஜை போட்டு, நாலு சக்கரத்துலயும் எலுமிச்சம்பழம் நசுக்கி வீட்டுக்கு வந்தேன். மறுநாள் விடியறதுக்கு முன்னாடி ஜி.எஸ்.டி. ரோடு. செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, திருச்சி, திண்டுக்கல், அப்புறம் பழநி. 450 கி.மீ.க்கு மேல. அவ்வளவு தூரம் தனியா நான் ஓட்டினதே கிடையாது.

உண்மையைச் சொல்லணும்னா, அந்த நாள் ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. பசிச்சா என் அடுப்பு, தாகம் எடுத்தா என் தொட்டி, தூக்கம் வந்தா என் கட்டில். ஒரு வாய்த் தண்ணிக்குக்கூட யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். அம்மா ரெண்டு தடவை கூப்பிட்டாங்க, எடுக்கலை. "வண்டி ஓட்டிட்டு இருக்கேன்"னு ஒரு மெசேஜ் மட்டும் போட்டேன். நான்தான் இந்தக் காலத்து ஆண்டின்னு மனசுக்குள்ள ஒரு நினைப்பு.

திண்டுக்கல் தாண்டினதும் ரோடே மாறிடுச்சு. பூச நேரத்துல அந்தப் பாதையில போனவங்களுக்குத் தெரியும். பச்சையும் காவியும் கட்டிக்கிட்டு, வெறுங்காலோட, காவடியோட ஜனங்க நடந்துக்கிட்டே இருக்காங்க. வழியெல்லாம் அன்னதானப் பந்தல். ஒரு இடத்துல கூட்டத்துக்காக வண்டியை மெதுவா ஓட்டினேன். ஒரு பாட்டி தொன்னையில சுண்டலோட ஜன்னல்கிட்ட வந்து, "சாப்பிடு சாமி"ன்னாங்க. "வேண்டாம் பாட்டி, என்கிட்ட எல்லாம் இருக்கு"ன்னேன். நீட்டின கையோட அவங்க ஒரு நிமிஷம் அப்படியே நின்னாங்க. அப்புறம் பின்னாடி நடந்து வந்தவங்ககிட்ட கொடுத்துட்டாங்க.

ஒட்டன்சத்திரம் தாண்டி ரோட்டோரமா ஒரு காலி இடத்துல நிறுத்தினேன். பக்கத்துலயே பெட்ரோல் பங்க் இருந்துச்சு. "இங்க நிறுத்திக்கட்டுமா"ன்னு கேட்டிருக்கலாம். கேட்கறதுதான் எனக்குப் பிடிக்காதே. முன்பக்க லைட்டைப் போட்டு, பாட்டை ஓட விட்டு, அப்படியே தூங்கிட்டேன்.

காலையில நாலு மணிக்கு சாவியைத் திருப்பினா 'டிக்'னு ஒரு சத்தம். அவ்வளவுதான். ரெண்டு தடவை சொல்லியும் நான் கேட்காததுக்குப் பலன். பின்னாடி அரிசி இருக்கு, தண்ணி இருக்கு, கேஸ் இருக்கு, வீட்டு பேட்டரி ஃபுல்லா இருக்கு. வீடு முழுசா இருந்துச்சு, நகரத்தான் முடியலை.

அரை மணி நேரம் வீம்புலயே போச்சு. அப்போ ஒரு பாதயாத்திரை கோஷ்டி வந்தது. அவங்க பை, பாத்திரமெல்லாம் ஏத்திக்கிட்டு பின்னாடி ஒரு குட்டி யானை வண்டி. வேற வழியில்லாம ரோட்டுல இறங்கிக் கையை நீட்டினேன். டிரைவர் அண்ணன் ஒண்ணும் கேட்கலை. ஜம்பர் வயரை எடுத்து ரெண்டு பேட்டரியையும் சேர்த்தார். அஞ்சு நிமிஷத்துல என் வண்டி உறுமிச்சு. காசு எடுத்தேன். "பூசத்துக்குப் போறவன்கிட்ட காசு வாங்கச் சொல்றியா சாமி? சுக்கு காப்பி இருக்கு, குடிச்சிட்டுக் கிளம்பு. வண்டியை மட்டும் ஆஃப் பண்ணிடாத"ன்னார். வாங்கிக் குடிச்சேன்.

அந்தக் காப்பியைக் குடிக்கும்போதுதான் எனக்கு வள்ளி கதை ஞாபகம் வந்துச்சு. முருகன் கிழவர் வேஷத்துல தினைப்புனத்துக்குப் போய் வள்ளிகிட்ட என்ன கேட்டார்? பசிக்குதுன்னு தேனும் தினைமாவும் கேட்டார், விக்குதுன்னு தண்ணி கேட்டார். உலகத்தைச் சுத்தின ஆள் ஒரு சின்னப் பொண்ணுகிட்ட கை நீட்டுறார். அப்பவும் காரியம் ஆகலை. யாரைக் கூப்பிட்டார்? அண்ணனைத்தான். எந்த அண்ணன்கிட்ட பழத்தைத் தோத்தாரோ, அதே அண்ணன் யானையா வந்துதான் அந்தக் கல்யாணமே நடந்துச்சு. குட்டி யானையைப் பார்த்துட்டு எனக்கு சிரிப்பும் வந்துச்சு, கண்ணுல தண்ணியும் வந்துச்சு.

ஆண்டின்னா யாருன்னு நான் தப்பாப் புரிஞ்சு வெச்சிருந்தேன். ஆண்டி யாரும் வேண்டாம்னு சொன்னவர் இல்ல. கையில ஒண்ணும் இல்லாததால எல்லார்கிட்டயும் வாங்கிச் சாப்பிடறவர். இலங்கையில யாழ்ப்பாணம் தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில இருந்து கதிர்காமத்துக்கு நடந்தே போற பாதயாத்திரை ஒண்ணு இருக்கு. கிழக்குக் கரையோரமா, கடைசியில குமண, யால காடுகளைக் கடந்து, ஒரு மாசத்துக்கு மேல நடப்பாங்க. வழியில இருக்கிற கோயில்கள்ல படுத்து, ஊர்க்காரங்க போடற சோத்தைச் சாப்பிட்டுத்தான் போவாங்க. அந்தச் சந்நிதி முருகனுக்கே 'அன்னதானக் கந்தன்'னு பேர். ஒருத்தர் வெறுங்கையோட நடந்தாத்தான் இன்னொருத்தர் போட முடியும். எல்லாரும் என்னை மாதிரி அடுப்பையும் தொட்டியையும் ஏத்திக்கிட்டு வந்தா, அந்தப் பாட்டி சுண்டலை யாருக்குத்தான் கொடுப்பாங்க? கொடுக்காம இருக்கறதை மட்டும்தான் கஞ்சத்தனம்னு சொல்றோம். வாங்கிக்க மாட்டேன்னு சொல்றதுலயும் ஒரு கஞ்சத்தனம் இருக்கு. நன்றின்னு ஒரு வார்த்தையைக்கூட யாருக்கும் கடன்பட்டுச் சொல்லிடக் கூடாதுங்கற கஞ்சத்தனம்.

இதைப் படிச்சுட்டு, தனியா பயணம் போகாதீங்கன்னு சொல்றேன்னு நினைக்காதீங்க. போங்க, தைரியம் வரும். வண்டி, கட்டில், அடுப்பு இதெல்லாம் வெச்சுக்கறதும் தப்பு இல்ல. நான் பழநியில 693 படி ஏறி, மணிக்கணக்கா வரிசையில நின்னு உள்ள போனப்போ சாயரட்சை நேரம், ராஜ அலங்காரம். ஆண்டியைப் பார்க்கத்தான் போயிருந்தேன், கிரீடம் வெச்ச ராஜாதான் நின்னார். ஆனா ரெண்டும் ஒரே ஆள்தானே. நம்மகிட்ட எவ்வளவு இருக்குங்கறது ஒரு விஷயமே இல்ல. தேவைப்படும்போது கை நீளுதா, யாராவது கொடுத்தா கை விரியுதா, அதுதான் விஷயம்.

அப்போ முருகன் கோவிச்சுக்கிட்டுப் போனது சரியா? கோபப்பட்டது சரியா தப்பான்னு எனக்கு இன்னும் சொல்லத் தெரியலை. ஆனா ஒண்ணு தெரியுது. அவர் கோபத்துல வீட்டை விட்டுத்தான் போனார், அண்ணனை விட்டுப் போகலை. கூப்பிட்டா வருவார்ங்கற நம்பிக்கையை மட்டும் கையோட எடுத்துட்டுப் போயிருக்கார். நான் அடுப்பு முதற்கொண்டு எல்லாத்தையும் எடுத்துட்டு, அதை மட்டும் சேலையூர்லயே விட்டுட்டுப் போயிருந்தேன்.

அடிவாரம் வந்ததும் முதல்ல அம்மாவுக்குப் போன் பண்ணினேன். அப்புறம் ரொம்ப நேரம் யோசிச்சுட்டு அண்ணனுக்கு. எடுத்தான். கொஞ்ச நேரம் ரெண்டு பேருமே பேசலை. "அண்ணா, வண்டி வழியில நின்னுடுச்சு"ன்னேன். "எங்கடா இருக்க? நான் கிளம்பி வரட்டுமா?"ன்னான். சரியாயிடுச்சுன்னு சொன்னேன். "கூலன்ட் பார்த்தியா? ஏழு மணிக்கு மேல ஓட்டாத. வரும்போது பஞ்சாமிர்தம் வாங்கிட்டு வா."

வாங்கினேன், ரெண்டு டப்பா. ஒரு பழத்துக்காகச் சண்டை போட்டுக்கிட்டு வந்து நின்ன இடத்துல, பழத்தைப் பிசைஞ்சு ஊருக்கே கொடுக்கறாங்க. வீட்டுப் பிரச்னை இன்னும் தீரலை. ஆனா இப்போ ஒரே மேஜையில உட்கார்ந்து பேசறோம்.

நீங்களும் யாரையாவது "வேண்டாம்"னு சொல்லிட்டு வந்திருந்தா, இந்தக் கிருத்திகைக்குள்ள ஒரு போன் பண்ணிப் பாருங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!