அந்தக் கதவைத் தட்டு!

"கணக்கு எனக்கு வராது." தம்பி, தங்கையே, இதை இன்னொரு முறை சொல்வதற்கு முன் கொஞ்சம் நில். அது நீயாகக் கண்டுபிடித்ததா, யாரோ உன் வாயில் திணித்ததா?

1961. அமெரிக்காவின் மிசிசிப்பி. கறுப்பின மக்கள் வாக்காளராகப் பதியப் போனால், மாநில அரசியல் சட்டத்தின் 285 பிரிவுகளில் ஏதோ ஒன்றை நீட்டி, "இதற்குப் பொருள் எழுது" என்பார் அதிகாரி. விடை சரியா தப்பா என்று தீர்ப்பவரும் அவரேதான். தலைமுறை தலைமுறையாகப் படிக்கவிடாமல் அடித்துவிட்டு, படிக்காதவனுக்கு ஓட்டு எதற்கு என்று கேட்டார்கள். என்ன நெஞ்சழுத்தம்!

அந்த மக்களோடு வாக்காளர் பதிவு அலுவலகத்தின் படியேறினார் நியூயார்க் கணக்கு வாத்தியார் பாப் மோசஸ். நடுத்தெருவில் அவர் மண்டையை உடைத்தார்கள். வழக்குப் போட்டார், அடித்தவன் விடுதலையானான். மோசஸ் ஊரைவிட்டு ஓடவில்லை.

இருபது ஆண்டுக்குப் பின், அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் அவர் மகள் படித்த பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அல்ஜீப்ரா இல்லை. யோசித்தார். அல்ஜீப்ரா தெரியாத பிள்ளைக்குக் கல்லூரிக் கணிதம் இல்லை, நல்ல வேலையும் எட்டாது. வெளியே நிற்பவர்கள் யார்? அதே கறுப்பினப் பிள்ளைகள், அதே ஏழைகள். அன்று ஓட்டு, இன்று அல்ஜீப்ரா! 1982இல் கிடைத்த மெக்கார்தர் அறக்கட்டளை நிதியை 'அல்ஜீப்ரா ப்ராஜெக்ட்' என்ற கணிதத் திட்டத்தில் போட்டார்.

பிள்ளைகளைச் சுரங்க ரயிலில் ஏற்றினார். போய்வந்ததைப் படமாக வரை, உன் பேச்சிலேயே எழுது என்றார். பிறகு ஒரு ஸ்டேஷனைப் பூஜ்ஜியமாக வைத்துக் கோடு போட்டார்கள். இந்தப் பக்கம் மூன்று ஸ்டேஷன், அந்தப் பக்கம் மூன்று ஸ்டேஷன். 'எத்தனை' என்று மட்டுமே கேட்டுப் பழகிய பிள்ளை, 'எந்தப் பக்கம்' என்றும் கேட்டது. அவ்வளவுதான், மைனஸ் மூன்று பிடிபட்டுவிட்டது! மூளை அதேதான், சொல்லிக்கொடுத்த விதம் மாறியது.

மண்டை உடைந்த அதே மிசிசிப்பிக்குத் திரும்பி, ஜாக்சன் நகரின் லேனியர் உயர்நிலைப் பள்ளியில் சாக்பீஸ் பிடித்தார் மோசஸ். பிள்ளைகளிடம் அவர் எதிர்பார்த்தது ஒன்றைத்தான்: ஓட்டுரிமை கேட்டு வரிசையில் நின்ற குத்தகை விவசாயிகளைப் போல, கணக்கை நீங்களே உரிமையாகக் கேளுங்கள்.

நீயும் கேள். நாளை வகுப்பில் கையைத் தூக்கு. "புரியவில்லை, இன்னொரு முறை போடுங்கள்" என்று கடைசி பெஞ்சிலிருந்து உரக்கச் சொல். யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். மறுபடியும் புரியவில்லையா, மறுபடியும் தூக்கு!