பண்டிகையின் பாரம் யார் தலையில்?



மார்கழி மாதத்து வேலைநாள் ஒன்றைச் சற்று எண்ணிப் பாருங்கள். நம் நாட்டில் அரசாங்கத்தின் கணக்காண்டு டிசம்பர் 31ஆம் திகதியோடு முடிகிறது. ஒதுக்கப்பட்ட பணத்தை அதற்குள் செலவிட்டுக் கணக்குக் காட்டாவிட்டால் அந்த ஒதுக்கீடு கைநழுவிப் போய்விடும். எனவே ஆண்டு முழுவதும் மெல்ல நடந்த கோவைகள் எல்லாம் இந்த ஒரு மாதத்தில் ஓடத் தொடங்குகின்றன. நல்லூரிலிருந்து கச்சேரிக்கோ பிரதேச செயலகத்துக்கோ போய்வரும் இலிகிதர் ஒருவர், பொழுதுபட்ட பின்னர் மழையில் நனைந்து, கண் எரிய வீடு திரும்புகிறார்.

வீட்டிலே வேறோர் உலகம். குசினியில் பயறு வறுத்த மணம். தாயும் மாமியும் பக்கத்து வீட்டு அக்காவும் அச்சுப் பலகாரம் சுடுகிறார்கள். பிள்ளைகள் பாலன் குடிலுக்கு வைக்கோல் தேடி அலைகிறார்கள். உடுப்பு மாற்றிக்கொண்டு வந்த இலிகிதரின் கையில் ஒரு கத்தியைக் கொடுத்துவிடுகிறார்கள். கேக்குக்கு ஊறப்போட வேண்டிய பூசணி இனிப்பையும் கஜுவையும் முந்திரிகை வற்றலையும் அவர் இரவு பத்து மணிவரை பொடிப்பொடியாக வெட்டிக்கொண்டிருக்கிறார். கந்தோரில் ஐந்து மணிக்கே சோர்ந்துபோனவர் இங்கே சிரித்துக் கதைக்கிறார். உடம்பு படும் பாடு இரண்டிடத்திலும் ஒன்றே. பின்னர் ஒன்று சுமையாகவும் மற்றது சுகமாகவும் இருப்பது எதனால்?

கூலிக்குச் செய்வது சுமை, கூலியின்றிச் செய்வது சுகம் என்று சொல்லித் தப்பிவிடலாம். ஆனால் அது சரியன்று. அடிமைகள் கூலியின்றித்தான் உழைத்தார்கள். ஓய்வைப் பெறுவதற்காகவே மனிதன் உழைக்கிறான் என்று அரிஸ்டோட்டில் கருதினார். யோசேப் பீப்பர் என்னும் ஜெர்மன் கத்தோலிக்க மெய்யியலாளர் 1948இல் எழுதிய நூலொன்றில், ஓய்வு என்பது சும்மா இருப்பதன்று, அதன் வேர் வழிபாட்டிலும் திருவிழாவிலும் இருக்கிறது என்று காட்டினார். இருவர் சொல்வதும் நமக்கு உதவுகிறது. எனினும் பழம் வெட்டும் இலிகிதரின் சிரிப்பை அது முழுவதும் விளக்கவில்லை. அவர் சிரிப்பதற்குக் காரணம், அவர் வெட்டும் பழம் அவருடைய பண்டிகைக்கு உரியது என்பதே. அவர் அதன் பங்காளி. ஒரு வேலையின் பாரத்தைத் தீர்மானிப்பது அது எத்தனை மணித்தியாலம் என்பது மட்டுமன்று. அந்த வேலை எந்த மகிழ்ச்சிக்காக நடக்கிறதோ அதிலே வேலை செய்கிறவருக்குப் பங்கு உண்டா என்பதும் ஆகும். (ஆண்கள் எல்லாரும் விறாந்தையில் இருந்து கதைக்க, தாய் ஒருத்தி மட்டும் எண்ணெய்ச் சட்டியோடு மாரடிக்கும் வீடுகளும் உண்டு. அங்கே குசினியும் ஒரு கந்தோர்தான்.)

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு வீட்டுப் படலையைத் திறந்து தெருவுக்கு வாருங்கள். தையற்கடையில் இன்னும் விளக்கு எரிகிறது. தையல்காரர் மிஷினில் குனிந்திருக்கிறார். பக்கத்தில் ஒரு பையன் தெறி தைக்கிறான். பேக்கரியில், வீட்டிலே போறணை இல்லாதவர்கள் கொண்டுவந்து கொடுத்த கேக் தட்டுகள் அடுக்கிக் கிடக்கின்றன. அதற்குமேல் நாளைக் காலைப் பாணும் சுட்டாக வேண்டும். நல்லூரிலே இவர்களிற் பலர் சைவர்கள். நமது நத்தார் அவர்களுடைய பண்டிகையன்று. நம் பிள்ளைகளின் புதுச்சட்டைக்காக அவர்கள் இழப்பது தங்கள் வீட்டின் மாலைப்பொழுதை. நம் வீட்டின் சுகமான இரவு ஆகாயத்திலிருந்து விழுந்ததன்று.

"மார்கழியில் வேலை இல்லாவிட்டால் அந்த மனிதர் எப்படிச் சீவிப்பார்? நாம் உடுப்புத் தைக்காமல் விட்டால் அவருக்குத்தானே நட்டம்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உழைப்பு வேண்டாம் என்று சொல்லும் தையல்காரரை நாம் கண்டதில்லை. ஆனால் அவருடைய இரவைக் கெடுப்பது நம் துணியன்று. அதை நாம் கொண்டுபோகும் திகதி. கார்த்திகையில் கொடுத்த துணிக்கும் டிசம்பர் 22ஆம் திகதி கொடுத்த துணிக்கும் கூலி ஒன்றே. முன்னதை அவர் பகலில் தைப்பார். பின்னதை நித்திரையை விற்றுத் தைப்பார். அந்த நித்திரைக்கு நாம் ஒரு சதமும் கொடுப்பதில்லை. நல்லூர்க் கந்தசுவாமி கோவிலின் நேரந்தவறாமை யாழ்ப்பாணம் முழுவதும் அறிந்தது. இருபத்தைந்து நாள் மகோற்சவம் ஆயிரமாயிரம் பேர் நடுவே மணி தவறாமல் நடக்கிறது. அந்த வீதியால் நாள்தோறும் போய்வரும் நமக்கு, ஒவ்வோர் ஆண்டும் அதே நாளில் வருகின்ற நத்தார் மட்டும் திடீரென்று வந்துவிட்டதாகத் தோன்றுவது வேடிக்கைதான்.

சட்டம் இருக்கிறதே என்பார் சிலர். இருக்கிறது. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, கந்தோர் ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம் என்று வரையறுத்தது. மேலதிக வேலைக்கு ஒன்றரை மடங்கு சம்பளம், அதுவும் கிழமைக்கு 12 மணித்தியாலத்துக்கு மேற்படாமல் என்றும் விதித்தது. ஆனால் ஒரு சட்டைக்கு இவ்வளவு என்று வாங்கித் தன் சொந்த மிஷினில் தைப்பவருக்கு எந்தச் சட்டம் மணி அடிக்கும்? அவருடைய எசமான் நாம்தான்.

பத்துக் கட்டளைகள் விவிலியத்தில் இரண்டு இடங்களில் வருகின்றன. விடுதலைப் பயண நூலில் ஓய்வுநாளுக்குச் சொல்லப்படும் காரணம், கடவுள் உலகைப் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்தார் என்பது. உபாகமம் என்று நம் மூத்தோர் அழைத்த இணைச்சட்ட நூலிலோ காரணம் வேறு. வேலையாளும் வேலைக்காரியும் உன்னைப்போல் இளைப்பாற வேண்டும்; நீயும் எகிப்திலே அடிமையாய் இருந்தவன் என்பதை நினைத்துக்கொள் என்கிறது அந்நூல். ஓய்வு பக்தியாக மட்டுமன்றி நீதியாகவும் அங்கே பேசப்படுகிறது. தன் அனுபவத்தை மறந்தவன்தான் பிறனுடைய ஓய்வைத் திருடுவான்.

நமக்கும் அப்படியோர் அனுபவம் உண்டு. 1966 முதல் 1971 வரை இந்த நாட்டில் ஞாயிறு வேலைநாள் ஆயிற்று. பிறையைப் பார்த்துப் போயா நாட்களில் கிழமை விடுமுறை வந்தது. ஞாயிறு விடுமுறையாய் இல்லாத கிழமை எப்படிப்பட்டது என்பதை நம் வீட்டு முதியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பிறருடைய நாட்காட்டிக்குள் நம் திருநாளைச் செருகி வாழ்வது எவ்வளவு கடினம் என்று அவர்களுக்குத் தெரியும். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் இடம்பெயர்ந்த பின் வந்த நத்தாரும் பலருக்கு நினைவிருக்கும். புதுச்சட்டை இல்லை, கேக் இல்லை. ஆனாலும் பாலன் பிறந்தார். சட்டை பிந்தினால் நத்தார் பிந்திவிடும் என்று பதறுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறோம்.

நத்தார் கழிந்ததும் தையல்காரருக்கு ஓய்வு கிடைத்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். மூன்று கிழமையில் தைப்பொங்கல். 26ஆம் திகதியே அடுத்த துணிக்கட்டுகள் வந்து இறங்கும். ஆகவே கூலியையாவது அன்றன்றே கொடுத்துவிட வேண்டும். வேலையாளின் கூலியைப் பிடித்துவைப்பது வானத்தை நோக்கி முறையிடும் நான்கு பாவங்களில் ஒன்று என்று சிறுவயது ஞானோபதேசத்தில் மனப்பாடம் செய்தவர்கள் நாம். ஆயினும் 24ஆம் திகதி இரவு எட்டு மணிக்குத் தையற்கடைக்கு வந்து, "பொங்கல் கழியத் தாறன் தம்பி" என்று சொல்லி, புதுச்சட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு நடுச்சாமப் பூசைக்கு விரைகிறவர்கள் நம் பங்குகளிலும் இருக்கிறார்கள்.