கூட்டிக்கொண்டு வந்தவர்கள்



இன்றைய நற்செய்தியில் (மாற்கு 7:31-37) வரும் காதுகேளாதவர் தாமாக இயேசுவிடம் வரவில்லை. சிலர் அவரைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். அவர்கள் உறவினரா, அயலாரா, மாற்கு சொல்லவில்லை. ஆனால் அவர்கள் இல்லையென்றால் அந்தப் புதுமையே இல்லை. காது கேட்காதவருக்கு, இயேசு தெக்கப்பொலிப் பக்கம் வந்திருக்கிறார் என்ற செய்தியே எட்டியிருக்காதே!

நம் பிள்ளைகளின் நிலையும் இதுதான். "எனக்குச் சரியாகக் கேட்கவில்லை" என்று ஏழு வயதுப் பிள்ளை வந்து சொல்லாது. உலகத்தில் இவ்வளவுதான் சத்தம் என்று நினைத்துக்கொள்ளும். சளி பிடித்துச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொண்டால் பல நேரம் வலிகூட இருக்காது. பேச்சு மட்டும் மங்கிவிடும். டீச்சர் டிக்டேஷன் சொன்னால் பக்கத்துப் பிள்ளையின் நோட்டை எட்டிப் பார்க்கும். வீட்டில் டி.வி. சத்தத்தைக் கூட்டி வைக்கும். கூப்பிட்டால் திரும்பாது. உடனே நாம் திமிர் என்கிறோம், கன்னத்தில் ஓர் அறை விடுகிறோம். அந்த அறை காதோடு சேர்ந்து விழுந்தால் செவிப்பறை கிழிந்துபோகலாம். பெற்றோரே, ஆசிரியர்களே, பிள்ளைகளை அடிக்காதீர்கள். இதைப் பீடத்தில் நின்று சொல்லவேண்டியிருக்கிறதே என்று வருத்தம்தான்.

2013 முதல் 'ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம்' என்ற திட்டத்தில் மருத்துவக் குழு பள்ளிக்கே வந்து பிள்ளைகளைச் சோதிக்கிறது. 18 வயது வரை இலவசம். காதில் சந்தேகம் என்றால் அரசு மருத்துவமனைக்குச் சீட்டு தருவார்கள். அங்கே ஹெட்ஃபோன் மாட்டி, சத்தம் கேட்கும்போது கையைத் தூக்கச் சொல்வார்கள். ஊசி இல்லை, வலி இல்லை. சில பிள்ளைகளுக்குக் குறும்பியை எடுத்தாலே போதும், பளிச்சென்று கேட்கும்.

அந்தச் சீட்டுதான் புத்தகப் பையிலேயே கசங்கிக் கிடக்கிறது. ஒரு நாள் லீவு போட்டால் கூலி போச்சு. உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனால் மருத்துவமனைக்குப் போவதற்குப் பதிலாகக் காய்ச்சிய எண்ணெயை விடுவதும், ஹேர்பின்னால் குடைவதும் காதைக் கெடுக்கும். சீழ் வடிகிற காதில் எண்ணெய் விடவே கூடாது.

காதைப் போலவே பிள்ளைகளின் பாதத்தையும் நாம் கவனிப்பதில்லை. புனித வியாழனன்று இங்கே பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவுகிறோம். வருகிறவர்கள் வீட்டிலேயே தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வருகிறார்கள்! இயேசு கழுவியதோ சீடர்களின் புழுதிக் கால்களை. மழை நாளில் பள்ளி விட்டு வரும் பிள்ளையின் ஷூவைக் கழற்றிப் பாருங்கள். சாக்ஸ் நனைந்து, விரலிடுக்கு வெளுத்து ஊறியிருக்கும். நாலு நாளில் அது சேற்றுப்புண். கழுவினால் மட்டும் போதாது, விரலிடுக்கில் ஈரம் போகத் துடைக்க வேண்டும், காய்ந்த சாக்ஸ் மாட்ட வேண்டும். நகத்தை ஓரத்தில் குடைந்து வெட்டாமல் நேராக வெட்டுங்கள். மலம் கழித்த மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் கொக்கிப்புழு தோல் வழியாகவே உள்ளே போகும். போய் இரத்தத்தைக் குடிக்கும். வகுப்பில் சோர்ந்து தூங்கும் பிள்ளைக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பள்ளியில் தரும் குடற்புழு மாத்திரையை வேண்டாம் என்று தடுக்காதீர்கள். செருப்பையும் பத்திரமாகப் பரணில் வைக்காதீர்கள்.

இயேசு அந்த மனிதரைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துப்போய்த்தான் காதில் விரல்களை வைத்தார். நம் பிள்ளைகளுக்கும் அப்படித் தனியாக ஒரு பத்து நிமிடம் கொடுங்கள். இன்று மாலை புத்தகப் பையைத் திறந்து மருத்துவச் சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள். வேலையை விட்டுப் போக முடியாத அம்மாக்கள் என்னிடமோ வின்சென்ட் தே பவுல் சபையாரிடமோ வந்து சொல்லுங்கள். சபையார் யாராவது உங்களுக்குப் பதிலாகப் பிள்ளையை மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள்.