பசியும் பொழுதும்

உண்பதற்குப் பசி ஒன்றே காரணமாயின், உணவைப் பற்றி ஆன்றோர் இத்துணை விரிவாகப் பேசியிருக்க வேண்டியதில்லை. மனிதன் பசித்தும் உண்கிறான்; பசியாமலும் உண்கிறான். மழையால் வீட்டினுள் அடைபட்டிருக்கும் நாளிலும், அன்றாட அலுவல்களை விட்டு வெளியூரில் தங்கியிருக்கும் நாளிலும் பசியாமல் உண்பதே மிகுதியாகிறது. முறுக்குச் சம்படத்தைக் கை தானாகவே தேடிச் செல்கிறது. இது நாவின் குற்றமா, மனத்தின் குற்றமா என்பது சிந்திக்கத் தக்கது.

பகவத் ராமாநுஜர் ஸ்ரீபாஷ்யத்தின் தொடக்கப் பகுதியில், பக்தி கைகூடுவதற்குரிய ஏழு ஸாதனங்களை வாக்யகாரரை அடியொற்றி எடுத்துரைக்கிறார். அவற்றுள் முதலாவது விவேகம். அதாவது, குற்றமற்ற உணவால் உடல் தூய்மை பெறுதல். ஆறாவது அநவஸாதம், மனம் சோர்ந்து போகாமை. அச்சோர்வு எதனால் வருகிறது? இடமும் காலமும் இசையாமையாலும், துயர் தந்தவற்றை மீண்டும் மீண்டும் நினைத்தலாலும் மனத்தின் ஒளி மங்குகிறது என்பது அங்குள்ள விளக்கத்தின் கருத்து. அடைபட்ட வீடும் ஒழுங்கு குலைந்த நாளும் இசையாத இடமும் காலமும் அன்றி வேறென்ன? ஆகவே பசியற்ற வேளையில் உண்பவன் வயிற்றின் குறையைத் தீர்க்கவில்லை. மங்கிய மனத்துக்கு உணவால் ஒளியேற்ற முயல்கிறான். அது இயலாதது. ஆதலால்தான் உண்டு முடித்த சற்று நேரத்தில் கை மீண்டும் சம்படத்துக்கே செல்கிறது.

2020ஆம் ஆண்டு மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தபோது இவ்வுண்மை இல்லந்தோறும் விளங்கிற்று. அலுவலகமும் பள்ளியும் இல்லாத வீடுகளில் காலை, நண்பகல், மாலை என்னும் வரம்புகள் கரைந்தன. பல இல்லங்களில் அடுப்பு அணைய நேரமில்லை. ஒருவர் பொழுதுபோக்குக்காக உண்ட பலகாரம், அடுக்களையில் நின்ற மற்றொருவரின் ஓய்வைத் தின்றது. அதே நாட்களில் கூலி இழந்த தொழிலாளர் பசியோடு நெடுஞ்சாலைகளில் சொந்த ஊர் நோக்கி நடந்தனர். ஆதலின் இதனை உடல்நலம் பற்றிய செய்தி என்று மட்டும் ஒதுக்கிவிட இயலாது. இது பிறர் உழைப்பையும் பிறர் பசியையும் பற்றிய அறக்கேள்வியுமாகும்.

அக்காலத்தில் கோயில்களில் அடியார்களுக்கு அனுமதி இல்லை. ஆயினும் அர்ச்சகர்கள் நித்திய ஆராதனத்தை நடத்தி வந்தனர். சேவிப்பார் இல்லாத ஸந்நிதியிலும் எம்பெருமானுக்குத் தளிகை ஸமர்ப்பிக்கப்பட்டது. இல்லத்தில் இருப்போர் கொள்ள வேண்டிய பாடம் இதுவே: வெளியுலகம் நின்றுவிட்டாலும் பொழுதுக்கு ஒரு முறைமை உண்டு.

பாஞ்சராத்ரம் ஒரு நாளை ஐந்து காலங்களாக வகுக்கிறது. எம்பெருமானை அணுகுதல், வழிபாட்டுக்குரியவற்றைத் திரட்டுதல், ஆராதனம், நூல் ஓதுதல், யோகம் என்பன அவை. உணவு ஆராதனத்தோடு சேர்ந்து தனக்குரிய இடத்தில் வருகிறது. அதனை அடுத்துவரும் பிற்பகல் நூல் ஓதுதற்கு உரியது. பொழுது போகாமல் மனிதன் தின்பண்டம் தேடுவதும் பெரும்பாலும் அந்தப் பிற்பகலிலேதான்! காலத்துக்கு வேலை கொடுத்தால், வாய்க்கு வேலை கொடுக்கும் தேவை தானே குறையும்.

இதனால் பட்டினியே சிறந்தது என்று கொள்ளலாகாது. மிகுதியாக உண்பவனுக்கும் அறவே உண்ணாதவனுக்கும் யோகம் கைகூடாது என்பது கீதையின் ஆறாம் அத்தியாயம் தரும் தெளிவு. குழந்தைகளும் முதியோரும் நோயுற்றோரும் அடிக்கடி சிறிது உண்ண வேண்டியிருக்கலாம். அது தேவை, குறையன்று.

திருவிழாவுக்கு வந்திருக்கும் அன்பர்களுக்கும் இச்சோதனை உண்டு. காலைப் புறப்பாட்டுக்கும் மாலைப் புறப்பாட்டுக்கும் இடையே சத்திரத்தில் நீண்ட பொழுது கிடக்கிறது. வெளியே கடைகள், உள்ளே சோம்பல். பிரஸாதத்திலும்கூட ஓர் எச்சரிக்கை வேண்டும். உள்ளங்கையில் ஏற்ற சிறிதளவு புளியோதரையே அருளுக்குப் போதும். மறுமுறையும் மும்முறையும் வரிசையில் நின்றுவிட்டு அதனைப் பக்தி என்று அழைத்தால், ஆசைக்குத் திருமண் இட்டதாகும். பின்னால் நிற்பவருக்கு இல்லாமற் போகவும் கூடும்.

எளிய வழி ஒன்று உண்டு. எதனையும் வாயிலிடுமுன், "இதனை இப்பொழுது எம்பெருமானுக்குக் கண்டருளப் பண்ண மனம் வருமா?" என்று கேட்டுப் பார்ப்பது. பசித்தவனுக்கு உடனே மனம் வரும்; அவன் ஸமர்ப்பித்து உண்ணலாம். பொழுது போகாதவனுக்கோ அக்கேள்வியிலேயே கை தயங்கும். அத்தயக்கத்தில் அவன் எழுந்து பிராகாரத்தை ஒருமுறை வலம் வரலாம். அடுக்களையில் தளர்ந்தவருக்கு உதவலாம். பக்கத்தில் பசித்திருப்பவருக்கு அந்தப் பொட்டலத்தை அளிக்கலாம். மங்கிய மனம் ஒளி பெறுவது அவ்வாறே.