விண்மீன் தோற்றமும் திருவருள் மறைப்பும்



நாமக்கல்லுக்கு மேற்கே திருச்செங்கோட்டு மலை நிற்கின்றது. தேவாரத்துக் கொடிமாடச்செங்குன்றூர் என்பது அதுவே. மார்கழித் திங்கள் மாலையில் அம்மலைமேல் மாதொருபாகனை வழிபட்டு வெளிப்போந்து கீழ்த்திசை நோக்குவார்க்குச் செந்நிறத் திருவாதிரை மீன் எழுவது புலனாகும். ஆனித் திங்களில் அதே இடத்து அதே பொழுதில் நோக்கினும் அம்மீன் தோன்றாது. வேறு மீன்களே விளங்கும். இஃது என்னை?

மீன் தன்னிலை பெயர்ந்து போயிற்றில்லை. நிலவுலகம் 365 நாளும் ஏறக்குறைய 6 மணியும் கொண்டு ஞாயிற்றை ஒருமுறை சுற்றுகின்றது. அதனால் ஒவ்வொரு மீனும் நாடோறும் ஏறக்குறைய 4 நிமிடம் முந்தி எழுகின்றது. ஒரு திங்களில் 2 மணியும், ஆறு திங்களில் 12 மணியும் முந்துகின்றது. ஆதலின் மார்கழி மாலையில் எழும் திருவாதிரை, பங்குனி மாலையில் உச்சியை அடுத்து நின்று, ஆனியில் ஞாயிற்றோடு உடன்சென்று பகலொளியில் மறைகின்றது. அப்பொழுதும் அது நம் தலைமேல் ஒளிர்ந்துகொண்டே உளது. காண்பார்க்குப் புலனாகாமை மாத்திரமே உண்டு.

காலம்போல இடமும் இதற்கு ஏதுவாம். வடமீன் செங்கோட்டில் அடிவானுக்கு மேல் 11 பாகை அளவிலே தாழ்ந்து நிற்கும். காசியிலோ 25 பாகை உயர்ந்து நிற்கும். தென்றிசை அகத்திய மீன் செங்கோட்டில் ஏறக்குறைய 26 பாகை உயரும். காசியில் 12 பாகையே உயரும். இலண்டன் மாநகரார்க்கு ஒருகாலும் எழாது. அவர் காணாமையால் அம்மீன் இல்லதாகுமோ? ஆகாதன்றே.

இனி, நம்முள் நெடுங்காலம் நீறணிந்து, ஐந்தெழுத்தோதி, பூசனை வழுவாது செய்தும், “திருவருள் எனக்கு விளங்கிற்றில்லையே, யான் கைவிடப்பட்டேனோ” என்று தனித்திருந்து வருந்துவார் உளர். அவர் பொருட்டே இவ்வுவமை கூறப்பட்டது.

மறைப்பு இருவகைத்து. முகில் மறைப்பது ஒன்று. ஞாயிற்றொளி மறைப்பது மற்றொன்று. முன்னையது ஆணவம்போல இருளாய் மறைப்பது. பின்னையது ஒளியே மறைப்பாய் நிற்பது. திரோதான சத்தியும் அத்தன்மைத்து. மலத்தைப் பரிபாகப்படுத்தும் பொருட்டு மறைத்து நிற்பினும், அது சிவசத்தியே. மலம் பரிபாகமுற்றவழி அதுவே அருட்சத்தியாய் விளங்கும். மறைப்பும் அருளின் செயலேயாதலின், அதனைக் கைவிடல் எனக் கருதுதல் பிழை. ஞாயிற்றொளியுள் அடங்கிய மீன் கெடுவதும் இல்லை, ஞாயிறாவதும் இல்லை. மெய்கண்ட தேவர் இவ்வுவமையைச் சிவஞானபோதத்தில் எடுத்தாண்டு, அடங்கிநிற்பது அடக்கியதாகாது என்னும் உண்மை தெரித்தருளினார்.

“அங்ஙனமாயின் காலம் வருந்துணையும் வாளா இருத்தல் அமையுமோ?” எனின், அமையாது. உவமை ஒருபுடையே கொள்ளத்தக்கது. நிலவுலகம் அறிவின்றிச் சுற்றுவது. உயிரோ அறிவிக்க அறியுந் தன்மையது. சரியை முதலிய நெறிக்கண் நின்று அருளை எதிர்நோக்கற்பாலது. இச்செங்குன்றூரில் ஆளுடைய பிள்ளையாரொடு வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றியபோது, அஃது இந்நிலத்தின் இயல்பென்றே கூறப்பட்டது. பிள்ளையார் நிலத்தியல்பென்று அமைந்திராது, திருநீலகண்டப் பதிகம் பாடி அந்நோயை அகற்றியருளினார். இடமும் காலமும் உயிரைப் பிணிக்கும். அவற்றை நடத்தும் இறைவனை அவை பிணியா.

ஆகலின் அன்பர்களே! ஆனி மாலையில் திருவாதிரையைக் காணாதவன், மீன் அழிந்ததென்று அழுவானல்லன். மார்கழியை நோக்கி இருப்பான். நாமும் பூசனையில் சுவை தோன்றாத நாளிலும் பூசனை விடாதிருப்போமாக. அந்நாளும் திருவருள் நம்மை நடத்தும் நாளேயாம்.

திருச்சிற்றம்பலம்.