ரசம் வந்துச்சாண்ணே?

மதுரையில் ஒரு மெஸ். மதியம் இரண்டரை மணி, கூட்டம் வடிந்திருந்தது. எதிர் மேசையில் உணவு டெலிவரி செய்யும் இளைஞர் ஒருவர் தண்ணீர் டம்ளரில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பரிமாறுகிறவர் மோர் வாளியோடு வந்ததும் நிமிர்ந்து, "ரசம் வந்துச்சாண்ணே?" என்றார்.

"இப்பத்தானே தம்பி ஊத்துனேன். சாப்பிட்டீங்களே."

இளைஞர் இலையைப் பார்த்தார். நடுத்தண்டை ஒட்டிக் கொஞ்சம் ரசம் தேங்கியிருந்தது. அதில் ஒரு தக்காளித் தோல், ஒரு கறிவேப்பிலை. "ஆமால்ல" என்று சொல்லி மோரை வாங்கிக்கொண்டார்.

நடந்தது இவ்வளவுதான். ஆனால் அந்தத் தக்காளித் தோல் என் மனசை விட்டுப் போக மறுக்கிறது.

ரசம் சத்தமில்லாமல் உள்ளே போய்விடுகிற பண்டம் அல்ல. மிளகும் பூண்டும் மூக்கில் ஏறும். சூடாக ஊற்றினால் விரல் சுடும். இலையை விட்டு ஓடாமல் சோற்றோடு சேர்த்து அணைகட்டி, வழித்து எடுக்கவே ஒரு கைப்பழக்கம் வேண்டும். அந்த இளைஞரின் கை அதையெல்லாம் பிசகில்லாமல் செய்திருக்கிறது. ஒரு சொட்டுகூட மேசையில் சிந்தவில்லை. ஆனாலும் சாப்பிட்ட சேதி அவருக்குப் போய்ச் சேரவில்லை.

எப்போதோ படித்த ஓர் ஆய்வு ஞாபகத்துக்கு வந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக உளவியலாளர் பால் ரோஸினும் அவருடைய சகாக்களும் 1998இல் வெளியிட்டது. நினைவாற்றலைக் கடுமையாக இழந்த 2 பேருக்கு மதிய உணவு கொடுத்தார்கள். அவர்கள் சாப்பிட்டு முடித்து 10 முதல் 30 நிமிடத்துக்குள் இன்னொரு மதிய உணவை முன்னால் வைத்தார்கள். அதையும் சாப்பிட்டார்கள். மூன்றாவது வந்தபோது பெரும்பாலும் அதிலும் கை வைத்தார்கள். போதும் என்று சொல்வது வயிறு மட்டும்தான் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். 'இப்போதுதான் சாப்பிட்டேன்' என்ற நினைவுக்கும் அதில் பங்கு உண்டு என்கிறது அந்த ஆய்வு. வயிறு நிறைந்ததை மூளை முழுதாக உணரச் சுமார் 20 நிமிடம் ஆகும் என்று மருத்துவர்கள் சொல்வார்கள். அதற்குள் இலையை மடித்துவிட்டு எழுந்துபோகிறவருக்கு அந்த நினைவும் இல்லையென்றால், போதும் என்று அவருக்கு யார் சொல்வது?

திருக்குறளில் 95ஆம் அதிகாரத்தின் பெயர் மருந்து. பத்துக் குறளில் பாதிக்கு மேல் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசுகின்றன. முன்பு உண்டது செரித்ததை அறிந்து, நன்றாகப் பசித்த பிறகு, அளவோடு உண்ணச் சொல்கிறார் வள்ளுவர். பள்ளியில் இதை மனப்பாடம் செய்தபோது ஜீரணத்துக்கான அறிவுரையாகத்தான் பட்டது. இப்போது வேறொன்று தெரிகிறது. முன்பு உண்டது செரித்ததா என்று பார்க்க, முதலில் உண்டது நினைவில் இருக்க வேண்டாமா?

அப்படியானால் போனை எடுத்து உள்ளே வைத்துவிட்டால் தீர்ந்துவிடுமா? அங்கேதான் எனக்கு இடறுகிறது. அப்பத்தா மொட்டைமாடியில் எங்களை வட்டமாக உட்காரவைத்து நிலாச்சோறு போடுவாள். மண்சட்டியில் புளிக்குழம்பும் சோறும் பிசைந்து, நீட்டிய கைகளில் ஒவ்வொரு உருண்டையாக வைப்பாள். வாய் ஓயாமல் கதை சொல்லுவாள். பேய் கிணற்றிலிருந்து ஏறி வரும் இடத்தில் ஓர் உருண்டை கூடுதலாக உள்ளே போகும். எத்தனை தின்றோம் என்று எங்களுக்குத் தெரியாது. கவனமெல்லாம் கதையில்தான். ஆனால் அந்தப் புளிக்குழம்பின் ருசியும், உருண்டையின் நடுவில் அவள் வைக்கும் சுண்டவத்தலின் கசப்பும் இன்றும் என் நாக்கில் இருக்கின்றன. கதை சோற்றை மறக்கடிக்கவில்லை. போன் மறக்கடிக்கிறது. கதை சொன்னவளின் கையே சோற்றையும் தந்ததால் அப்படியா, அல்லது நாற்பது வருஷத்து ஏக்கம் ருசியைக் கூட்டிச் சொல்கிறதா?

அப்பத்தா வீட்டில் இன்னொரு வழக்கமும் இருந்தது. தாத்தா இலையில் உட்கார்ந்துவிட்டால் அவரை யாரும் கூப்பிட முடியாது. வாசலில் யார் வந்தாலும், "சாப்பிட்டுக்கிட்டு இருக்காக, செத்த உக்காருங்க" என்று திண்ணையைக் காட்டுவாள். கடன் கேட்டு வந்தவர்கூட உட்கார்ந்திருப்பார். தாத்தா நிதானமாக மோர்சோறு வரை முடித்து, கை கழுவி, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவார். அவர் ஒவ்வொரு வாயையும் ருசித்துச் சாப்பிட்டார் என்றால், அந்த நேரத்தை அவருக்காக ஒருத்தி வாசலில் நின்று காத்தாள். அவள் எப்போது சாப்பிட்டாள், எப்படிச் சாப்பிட்டாள் என்று நான் பார்த்ததே இல்லை.

இதனால்தான், கவனித்து உண்ணுங்கள், மெதுவாக மெல்லுங்கள், ஒவ்வொரு கவளத்தையும் உணருங்கள் என்று யாராவது சொல்லும்போது மனம் முழுதாக ஒப்புவதில்லை. சொல்வது சரிதான். ஆனால் அந்த இளைஞரின் போன் வேடிக்கை பார்ப்பதற்கு மட்டும் உள்ளது அல்ல. அடுத்த ஆர்டர் அதில்தான் வரும். பார்க்காமல் விட்டால் அன்றைய வரும்படி குறையும். ஜவுளிக்கடையில் முறைவைத்துச் சாப்பிடப் போகிற பெண்ணுக்கும், குழந்தை எழுவதற்குள் அள்ளிப் போட்டுக்கொள்கிற தாய்க்கும் இதே கதைதான். கவனம் என்பது அவரவர் மனசில் பழகிக்கொள்ள வேண்டிய ஒன்றா, பக்கத்தில் இருப்பவர்கள் விட்டுக்கொடுத்தால்தான் கிடைக்குமா? இரண்டும்தான் என்று சொல்லிவிடலாம். எது முந்தி என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் போனில் அழைக்கும்போது மறுமுனையில் இருப்பவர் சாப்பிட்டுக்கொண்டிருப்பது தெரிந்தால், அவசரம் எதுவானாலும், "சாப்பிட்டு முடிச்சிட்டுக் கூப்பிடுங்க" என்று சொல்லி வைத்துவிடுங்கள்.